செல்லுக்கும் வடிகால் உண்டு

சம்பா நட்டு ஒரு மாதம் தாண்டிய வயலில் இறங்கி ஒரு குத்தைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். சேற்றைக் கழுவிவிட்டு, தடித்த வேர் ஒன்றை பிளேடால் குறுக்கே மெல்லிசாகச் சீவி, பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் மாட்டுவண்டிச் சக்கரம் போல ஒன்று தெரியும். நடுவில் குடம், வெளியே வட்டை, இரண்டையும் சேர்க்கும் ஆரக்கால்கள். ஆரக்கால்களுக்கு இடையில் ஒன்றும் கிடையாது, வெறும் காற்று.

அந்த இடம் முதலிலிருந்தே காலியாக இருந்ததில்லை. வேர் விட்ட புதிதில் அங்கே வரிசை வரிசையாகச் செல்கள் இருந்தன. பிறகு அவற்றில் ஒரு பகுதி செத்து, கரைந்து, இடத்தைக் காலி செய்துவிட்டன. பூச்சி கடிக்கவில்லை, நோயும் வரவில்லை. சேற்றுக்குள் இருக்கும் வேர் நுனிக்கு மேலேயிருந்து காற்று இறங்கிவர ஒரு குழாய் வேண்டும். அந்தக் குழாய்க்கு இடம்விடத்தான் அவை செத்தன.

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது இதைச் சித்தப்பாவிடம் காட்டினேன். மன்னார்குடிப் பக்கம் பத்து மா நிலத்தில் இன்னமும் தானே இறங்கி வேலை பார்க்கிற ஆள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தவர், "நாப்பது வருசமா நடவு நடுறேன், இதுக்குள்ள சக்கரம் இருக்குன்னு ஒருத்தனும் சொல்லலியே" என்றார். அப்புறம் கேட்டார்: "சரி, சாவுறதுக்கு எதுக்குடா ஆராய்ச்சி? தண்ணியில கெடந்தா அழுகத்தானே செய்யும்?"

நான் படித்தது மூலக்கூறு உயிரியல். அவர் கேட்ட கேள்வியைத்தான் என் துறையும் வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் கொஞ்சம் அலட்சியமாக. சாவுக்கு என்ன ஆராய்ச்சி? அது பாட்டுக்கு நடப்பதுதானே? அப்படி அது பாட்டுக்கு நடப்பதில்லை என்பதைத்தான் அன்று திண்ணையில் உட்கார்ந்து அவருக்குச் சொல்லப் பார்த்தேன். அதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

மட்டை விழுவதும் கஜா முறித்ததும்

தென்னந்தோப்பில் நடந்து பழகியவர்களுக்கு முதல் பாடம் ஏற்கெனவே தெரியும். முற்றிய மட்டை பழுத்துக் காய்ந்து, ஒரு நாள் தானாகக் கழன்று விழுகிறது. மரத்தில் ஒரு வடு மட்டும் மிஞ்சுகிறது. பச்சைக் காயம் இல்லை, சாறு ஒழுகுவதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தபோதும் மட்டைகள் விழுந்தன. ஆனால் அவை பச்சையாகப் பிய்ந்து விழுந்தவை. குருத்து முறிந்து, தலையே இல்லாமல் நின்ற மரங்களை அந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டிலும் விழுந்தது மட்டைதான். முன்னது மரம் தானே செய்துகொண்ட ஏற்பாடு, பின்னது மரத்தின் மேல் விழுந்த அடி.

செல்லின் சாவிலும் இந்த இரண்டும் உண்டு. கையில் வெந்நீர் கொட்டினாலோ, ஓரிடத்துக்கு ரத்தம் போவது நின்றாலோ, அங்கே இருக்கும் செல்கள் உப்பி வெடிக்கின்றன. உள்ளே பத்திரமாக இருக்க வேண்டிய என்சைம்கள் வெளியே கொட்டி, அக்கம்பக்கமெல்லாம் சிவந்து வீங்கிவிடுகிறது. இதற்கு நெக்ரோசிஸ் என்று பெயர். கஜா வகை.

இன்னொரு வகையில் செல் உப்புவதில்லை, சுருங்குகிறது. உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. அளவெடுத்தது போலத் துண்டு துண்டாகிறது. மேல்சவ்வு கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி, கடைசியில் செல் முழுவதும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிகிறது. சவ்வின் உட்பக்கம் இருக்க வேண்டிய பாஸ்ஃபாடிடில்செரின் என்ற கொழுப்புப் பொருள் வெளிப்பக்கம் திரும்பிவிடும். 'என்னை எடுத்துக்கொண்டு போ' என்று ஒட்டிய சீட்டு அது. அதைப் பார்த்து மேக்ரோபேஜ் என்ற துப்புரவுச் செல்லோ, பக்கத்தில் இருக்கும் செல்லோ பொட்டலத்தை விழுங்கிவிடும். பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கிறவர்கள் ஓட்டைத் தனியாக, ரீப்பரைத் தனியாக, தூணைத் தனியாக அடுக்கி வண்டி ஏற்றுவார்கள் அல்லவா, அந்த மாதிரி வேலை. பக்கத்து வீட்டுக்குத் தூசிகூடப் போகாது.

ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கரி என்ற மூன்று நோய்க்குறியியலாளர்கள் 1972-இல் இந்த இரண்டாவது வகைக்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். அபர்டீனில் கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் ஒருவர் எடுத்துக் கொடுத்த சொல் அது. மரத்திலிருந்து இலையோ பூவிதழோ உதிர்வதைக் குறிக்கும். இரண்டாவது 'ப்' ஒலிக்கக் கூடாது என்று கட்டுரையிலேயே குறிப்பும் எழுதினார்கள். உலகத்தில் பாதிப்பேர் அதைக் கண்டுகொள்ளவில்லை, நானும் அந்தப் பாதியில்தான் இருக்கிறேன்.

பத்திரிகைகளில் இதை 'செல் தற்கொலை' என்று எழுதுவது வழக்கம். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. அதைக் கேட்டால், தனியாக ஒரு செல் வாழ்க்கை வெறுத்து எடுத்த முடிவு போல இருக்கிறது. நடப்பது கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறு என்பது போகப் போகத் தெரியும்.

வடிகாலை யார் நினைக்கிறார்கள்

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தால் அது செய்தி. நாலைந்து நாளில் கல்லணையில் பூத் தூவித் திறந்தால் அதற்குப் படம் போடுவார்கள். வடிகால் வாய்க்காலுக்கு யாராவது பூத் தூவிப் பார்த்திருக்கிறோமா? நவம்பரில் அடைமழை பிடித்து, ஆகாயத் தாமரை அடைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் பயிர் மூழ்கும்போதுதான் வடிகால் என்று ஒன்று இருந்த ஞாபகமே வருகிறது. இங்கே தண்ணீர் வருகிற வழியும் போகிற வழியும் சேர்ந்ததுதான் விவசாயம்.

உயிரியலும் அப்படித்தான் இருந்தது. செல் எப்படிப் பிரிகிறது, எப்படிப் பெருகுகிறது என்பதற்கே எல்லாக் கவனமும். ஒரு வகைத் தேரையின் வளர்ச்சியில் செல்கள் இயல்பாகவே சாவதை கார்ல் ஃபோக்ட் 1842-லேயே பார்த்து எழுதிவிட்டார். அது ஓர் ஓரத்துக் குறிப்பாகவே கிடந்தது.

ஆனால் கணக்குப் பார்த்தால் வடிகாலின் அளவு பயமுறுத்தும். வளர்ந்த ஒருவர் உடம்பில் தினமும் சாகும் செல்கள் 5,000 கோடிக்குக் குறையாது. குடலின் உட்பூச்சு நாலைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிறது. பிறக்கிற செல்லும் போகிற செல்லும் ஏறக்குறைய சமமாக இருப்பதால்தான் நேற்று போட்ட சட்டை இன்றைக்கும் சேர்கிறது.

உடம்புக்கு வடிவம் கொடுப்பதும் இந்தச் சாவுதான். கருவில் நம் கை முதலில் துடுப்பு மாதிரி இருக்கும். விரல்கள் தனித்தனியாக முளைப்பதில்லை, விரல்களுக்கு இடையில் இருக்கும் சதை செத்துப்போவதால் பிரிந்து வருகின்றன. சிலை செதுக்குவது போல, எடுத்தது போக மிஞ்சியதே கை. தலைப்பிரட்டையின் வாலும் இப்படித்தான் போகிறது. தைராய்டு ஹார்மோன் ஏறியதும் வாலில் உள்ள செல்கள் செத்துக் கரைய, அந்தச் சத்தை உடம்பே எடுத்துக்கொள்கிறது.

வாத்தைப் பாருங்கள். அறுவடை முடிந்த வயல்களில் ஆயிரக்கணக்கில் ஓட்டி வந்து கிடை போடுகிறார்களே, அந்த வாத்துகளுக்கு விரலிடைச் சவ்வு அப்படியே இருக்கிறது. சரி, வாத்தின் காலுக்கு மட்டும் சாவு உத்தரவு போகவில்லை என்று நினைப்போம். அப்படியில்லை. கோழியின் காலில் விரலிடைச் செல்களைச் சாகச் சொல்லும் பி.எம்.பி. என்ற புரதம் வாத்தின் காலிலும் சுரக்கிறது. வாத்தில் கூடுதலாக கிரெம்லின் என்ற இன்னொரு புரதம் நின்றுகொண்டு, அந்தச் செய்தி செல்லுக்குப் போய்ச் சேராமல் மறித்துவிடுகிறது. 1999-இல் இது வெளியானது. சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது முழுவதும் அந்தச் சவ்வில் இருக்கிறது: சாவதற்கான ஏற்பாடு பொதுவாகவே தயாராக இருக்கிறது, கேள்வி எப்போதும் அதை யார் தடுத்து வைத்திருக்கிறார்கள், அந்தத் தடுப்பை யார் விலக்குகிறார்கள் என்பதுதான்.

131 செல்கள், ஒரு லஸ்கர்

இதைக் கண்டுபிடித்தது மனிதனிலோ எலியிலோ இல்லை, 1 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில். அதன் பெயர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். மண்ணிலும் மட்கிய தழையிலும் வாழும். கண்ணாடி போல உடம்பு, உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். சிட்னி பிரென்னர் 1960-களில் இதை ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தார். ஜான் சல்ஸ்டன் மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு செல்லும் எப்போது பிரிகிறது, அதன் பிள்ளைகள் எங்கே போகின்றன என்று வம்சாவளி எழுதினார். வளரும்போது இந்தப் புழுவில் 1,090 உடற்செல்கள் உண்டாகின்றன. வளர்ந்த புழுவில் எண்ணினால் 959. மீதி 131 வழியிலேயே செத்துவிடுகின்றன. ஆச்சரியம் எண்ணிக்கையில் இல்லை. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131 செல்கள், அதே நேரத்தில். குத்துமதிப்பாக நடக்கிற விபத்து இப்படித் தேதி பார்த்து நடக்குமா?

ராபர்ட் ஹார்விட்ஸ் இங்கேதான் நுழைகிறார். மூலக்கூறு உயிரியலாளர்களின் வேலைமுறை கொஞ்சம் குழந்தைத்தனமானது. ஒரு கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு பல்சக்கரமாகக் கழற்றி எறிந்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்போம். புழுவில் கழற்றுவது ஜீன்களை. 1986-இல் ஹார்விட்ஸும் அவருடைய மாணவியும் சொன்னது: செட்-3, செட்-4 என்ற இரண்டு ஜீன்களில் எது கெட்டாலும் அந்த 131 செல்களும் சாகாமல் இருந்துவிடுகின்றன. பிறகு செட்-9 கிடைத்தது. அது கெட்டால் நேர்மாறு, வாழ வேண்டிய செல்களும் சேர்ந்து செத்துவிடும். 1998-இல் எக்ல்-1 வந்து வரிசை முழுமையானது.

பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். கிளை வாய்க்கால் தலைப்பில் இருக்கும் ஷட்டரை நினைத்துக்கொள்ளுங்கள், சித்தப்பாவுக்கும் இப்படித்தான் சொன்னேன். ஷட்டருக்குப் பின்னால் தண்ணீர் ஏற்கெனவே வந்து நிற்கிறது. அதுதான் செட்-3. செல்லை வெட்டிக் கூறுபோடும் கத்திரிப் புரதம் அது, செல்லுக்குள் எப்போதுமே கிடக்கிறது. செட்-4 ஷட்டரைத் தூக்கும் கை. செட்-9 அந்தக் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கும் லஸ்கர், அதாவது வாய்க்காலையும் ஷட்டரையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர். எக்ல்-1 யார் என்றால், "வாங்கண்ணே, ஒரு டீ அடிச்சிட்டு வருவோம்" என்று லஸ்கரைக் கிளப்பிக்கொண்டு போகிற ஆள். லஸ்கர் எழுந்து போனதும் கை ஷட்டரைத் தூக்குகிறது, தண்ணீர் பாய்கிறது.

வாழவேண்டிய செல்லில் டீக்கு அழைக்கிறவன் வரமாட்டான். அந்த 131-இல் வருவான். வித்தியாசம் அவ்வளவுதான்.

செட்-3 உண்மையில் என்ன என்பதை ஜுன்யிங் யுவானும் ஹார்விட்ஸின் குழுவும் 1993-இல் படித்துக் காட்டியபோது துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. மனித உடம்பில் வேறொரு வேலைக்காக ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு என்சைமின் சாயல் அப்படியே அதில் இருந்தது. புழுவின் கத்திரி நம்மிடமும் இருக்கிறது, ஒன்று இல்லை, பத்துப் பன்னிரண்டு. இவற்றுக்கு 1996-இல் காஸ்பேஸ் என்று பொதுப்பெயர் வைத்தார்கள். பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூவருக்கும் 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எழுந்து போக மறுக்கும் லஸ்கர்

மனிதரில் லஸ்கர் யார்? அந்த ஜீன் கையில் கிடைத்தது புழு வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல், ஒரு ரத்தப் புற்றுநோயிலிருந்து. ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற நோயில் 14-ஆம் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் முனை முறிந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் பி.சி.எல்-2 என்ற ஜீன் இடம் மாறி, ஓயாமல் வேலை செய்யும் ஸ்விட்ச் ஒன்றின் பக்கத்தில் போய் விழுகிறது. புற்றுநோய் ஜீன் என்றால் செல்லை வேகமாகப் பெருக்குவது என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

1988-இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸ் அதைச் சோதித்தார். ரத்தச் செல்களுக்குத் தேவையான வளர்ச்சிப் பொருளை நிறுத்தினால் அவை செத்துவிடும். பி.சி.எல்-2 அதிகமாக இருந்த செல்கள் என்ன செய்தன? பெருகவில்லை. சாகவும் இல்லை. சும்மா இருந்தன. பாசனத்தைக் கூட்டாமல் வடிகாலை மட்டும் அடைத்தாலும் வயல் மூழ்கும் என்பதை முதன்முதலாகக் காட்டிய சோதனை இது. அடுத்து 1992-இல் அவர் மனித பி.சி.எல்-2-ஐப் புழுவுக்குள் வைத்துப் பார்க்க, அங்கேயும் அது சாவைத் தடுத்தது. புழுவின் செட்-9-க்கு இது நெருங்கிய உறவு என்பது பிறகு தெரிந்தது. ஒரே லஸ்கர் உத்தியோகம், கோடிக்கணக்கான வருடமாக.

நம் செல்லில் ஒரு லஸ்கர் போதாது, ஒரு குடும்பமே இருக்கிறது. பி.சி.எல்-2, பி.சி.எல்-எக்ஸ்எல், எம்.சி.எல்-1 போன்றவை தடுக்கும் அண்ணன்கள். பேக்ஸ், பேக் இரண்டும், செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஓட்டை போடும் தம்பிகள். பிம், பூமா, நாக்ஸா என்று இன்னொரு கூட்டம் எக்ல்-1-இன் வேலையைச் செய்கிறது. ஒரே குடும்பத்துக்குள் இந்த இழுபறி எந்நேரமும் நடக்கிறது. எந்தப் பக்கம் ஆள் கூடுகிறதோ அந்தப் பக்கம் முடிவு.

ஆள் கூடுவதும் குறைவதும் வெளியிலிருந்து வருகிற செய்தியைப் பொறுத்தது. லண்டனில் மார்ட்டின் ராஃப் 1990-களின் தொடக்கத்தில் ஒரு கருத்தை முன்வைத்தார்: நம் உடம்பின் செல்களுக்கு மற்ற செல்களிடமிருந்து 'இரு, இரு' என்ற செய்தி வந்துகொண்டே இருக்க வேண்டும், அது நின்றால் செல் தன் ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். நரம்புகளில் இது வெகு காலமாகத் தெரிந்தது. கரு வளரும்போது தேவைக்கு மேல் நரம்புச் செல்கள் உண்டாகி, பல இடங்களில் பாதிக்குப் பாதி சாகின்றன. தசையையோ தோலையோ போய்த் தொட்டு, அங்கே சுரக்கும் வளர்ச்சிப் பொருளைப் பெற்றவை பிழைக்கின்றன. அந்தப் பொருளைக் கண்டுபிடித்ததற்கு ரீட்டா லெவி-மோன்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹெனுக்கும் 1986-இல் நோபல். தற்கொலை என்ற சொல் ஏன் பொருந்தாது என்று முன்னே சொன்னேனே, இதனால்தான். செல்லின் வாழ்வும் சாவும் ஊர்க் கணக்கு, தனி ஆள் கணக்கு கிடையாது.

இரண்டாவது சக்கரம்

மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை விழுந்தால் ஏன் செல் சாக வேண்டும்? சக்தி தீர்ந்துபோவதால் என்று சொல்லத் தோன்றும். விடை அதைவிட விநோதமானது. ஷியாடோங் வாங் என்ற உயிர்வேதியியலாளர் 1996-இல் செல்களை அரைத்த சாற்றை எடுத்துக்கொண்டு, அதில் காஸ்பேஸை எழுப்புவது எந்தப் பொருள் என்று பிரித்துப் பிரித்துத் தேடினார். கையில் வந்தது சைட்டோகுரோம் சி. பிளஸ் டூ பாடத்திலேயே வரும் புரதம், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எலக்ட்ரான் சுமந்து சுவாசத்துக்கு உதவுவது. உள்ளே இருக்கும்வரை மூச்சுக்கு வேலை செய்யும் அதே பொருள், ஓட்டை வழியாக வெளியே வந்தால் சாவுக்கு ஆள் சேர்க்கிறது.

வெளியே வந்த சைட்டோகுரோம் சி, ஏபாஃப்-1 என்ற புரதத்தோடு ஒட்டுகிறது. புழுவின் செட்-4-க்கு இது மனித உறவு. இப்படி ஏழு ஜோடிகள் சேர்ந்து ஏழு ஆரக்கால் வைத்த சக்கரமாகக் கூடுகின்றன. அந்தச் சக்கரத்தின் நடுவில் காஸ்பேஸ்-9 எழுகிறது, அது காஸ்பேஸ்-3-ஐ எழுப்புகிறது, அது நூற்றுக்கணக்கான புரதங்களைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டுகிறது. டி.என்.ஏ.வை வெட்டும் என்சைம் ஒன்று எப்போதும் ஒரு காவல் புரதத்தோடு கட்டப்பட்டே இருக்கும். காஸ்பேஸ் டி.என்.ஏ.வைத் தொடுவதில்லை, அந்தக் கட்டை மட்டும் அறுத்துவிடுகிறது. இங்கேயும் பாருங்கள், வேலை தடுப்பை நீக்குவதுதான்.

வெளியிலிருந்து நேரடியாகச் சாவு உத்தரவு வருகிற பாதை ஒன்றும் உண்டு. வைரஸ் புகுந்த செல்லைக் கண்டால், நோய் எதிர்ப்பு அணியின் செல் அதன் மேலிருக்கும் ஃபாஸ் என்ற பொத்தானை அழுத்தும், உள்ளே காஸ்பேஸ்-8 எழும். அதற்குள் இப்போது போக வேண்டாம்.

உளுந்துப் புழுவும் அதன் வைரஸும்

நான் மிகவும் ரசிக்கிற பகுதி இது. தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நின்ற பயிருக்குள்ளேயே உளுந்து, பயறு தெளிக்கிறோம். அதில் புரொடீனியா என்ற இலை தின்னும் புழு விழுந்தால் என்.பி.வி. கரைசல் அடிக்கச் சொல்லி வேளாண் துறையில் சொல்வார்கள். என்.பி.வி. என்பது புழுவைத் தாக்கும் வைரஸ். நோய் முற்றிய புழு செடியின் உச்சிக்கு ஏறி, தலைகீழாகத் தொங்கிச் சாகும். பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள்.

புழுவின் செல்லுக்குள் வைரஸ் நுழைந்ததும் செல் செய்யப் பார்ப்பது என்ன? தானே செத்துவிடப் பார்க்கிறது. வைரஸ் பெருகுவதற்குள் செல் செத்தால் புழு பிழைக்கும், ஊருக்காக ஒரு வீடு போனதோடு போகட்டும் என்கிற கணக்கு. வைரஸுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் அது தன்னோடு ஒரு லஸ்கரைக் கொண்டு வருகிறது. 1991-இல் லோயிஸ் மில்லரின் குழு, இந்த வகை வைரஸ் ஒன்றில் பி-35 என்ற ஜீன் கெட்டுப்போயிருந்தால், அது நுழைந்த புழுச் செல்கள் உடனே கொப்புளம் விட்டுச் சாவதைக் காட்டியது. அவர்கள் பயன்படுத்திய செல்கள், 2018-இல் இந்தியாவுக்கு வந்து மக்காச்சோளத்தை அழித்ததே அந்தப் படைப்புழுவினுடையவை. பி-35 செய்யும் தந்திரம் அருமையானது. 'என்னை வெட்டு' என்று காஸ்பேஸின் வாய்க்குள் தானே போய், வெட்டுப்பட்டதும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அப்புறம் அந்தக் கத்திரி வேறு எதையும் வெட்ட முடியாது, தாம்புக்கயிறு சுற்றிய விசிறி மாதிரி.

1993-இல் அதே குழு இன்னொரு பூச்சி வைரஸிலிருந்து ஐ.ஏ.பி. என்ற மற்றொரு தடுப்பானைக் கண்டது. தேடிப் பார்த்தால் அதன் உறவினர்கள் நம் செல்லிலும் இருந்தார்கள். எக்ஸ்.ஐ.ஏ.பி. என்பது நம் காஸ்பேஸ்களை நேரடியாகப் பிடித்து வைக்கும் தடுப்பான். சரி, ஷட்டர் திறந்தபின்னும் மடையை ஒருவன் அடைத்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது? அவனை விலக்கவும் ஆள் உண்டு. சைட்டோகுரோம் சி வெளியே வரும் அதே ஓட்டை வழியாக ஸ்மாக் என்ற புரதமும் வந்து எக்ஸ்.ஐ.ஏ.பி.யைப் பிடித்துக்கொள்கிறது. 2000-இல் வாங்கின் குழுவும் வாக்ஸின் குழுவும் தனித்தனியே இதைக் கண்டார்கள். தடுப்பவன், தடுப்பவனைத் தடுப்பவன், அவனையும் தடுப்பவன். படிக்கும் காலத்தில் இந்தப் படங்களைப் பார்த்துத் தலை சுற்றியிருக்கிறேன். ஆனால் ஒருமுறை திறந்தால் மூட முடியாத ஷட்டருக்கு ஒரே ஒரு பூட்டு போதாது என்று நினைத்துப் பார்த்தால் நியாயம் புரியும்.

வடிகால் அடைபடுவதால் வரும் நோய்களில் பெரியது புற்றுநோய். செல்லின் டி.என்.ஏ. சரிசெய்ய முடியாத அளவு கெட்டால் பி-53 என்ற புரதம் பூமாவையும் நாக்ஸாவையும் கூட்டி, அந்தச் செல்லைக் கிளப்பிவிடும். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இந்த பி-53 ஜீனே பழுதாகியிருக்கிறது. இதில் யானைக் கணக்கு ஒன்று உண்டு. கோயில் வாசலில் நிற்கும் யானைக்கு நம்மைவிட எத்தனையோ மடங்கு செல்கள், ஆயுளும் நீளம். கணக்குப்படி அதற்குப் புற்றுநோய் நிறைய வர வேண்டும், வருவதில்லை. நமக்கு பி-53 ஜீன் ஒரு ஜோடி, யானைக்கு 20 ஜோடி என்று 2015-இல் தெரிந்தது. டி.என்.ஏ. கெட்டால் யானையின் செல் நம் செல்லைவிடச் சீக்கிரம் இடத்தைக் காலி செய்கிறது.

மருந்துக்கும் இதுவே வழி காட்டியது. வெனிட்டோக்ளாக்ஸ் என்ற மாத்திரை, எக்ல்-1 வகைப் புரதங்கள் பி.சி.எல்-2-இல் பொருந்தும் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதாவது, லஸ்கரை டீக்கு அழைத்துப்போகும் வேலையை ஒரு மாத்திரை செய்கிறது. 2016-இல் அமெரிக்காவில் ஒரு வகை நாட்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு இதை அனுமதித்தார்கள். புழுவின் 131 செல்களில் தொடங்கிய பாதை முப்பது வருடத்தில் மருந்துக் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மறுபக்கமும் இருக்கிறது. மாரடைப்பிலும் பக்கவாதத்திலும், போக வேண்டாத செல்கள் கூட்டமாகப் போகின்றன. அங்கே வடிகாலை அடைக்கும் மருந்து வேண்டும். அது இதைவிடக் கடினமாக இருக்கிறது.

மறுபடி நெல் வேர்

இவ்வளவும் சொல்லி முடித்தபோது சித்தப்பா கேட்டார்: "இந்த லஸ்கரு, டீக்காரன் எல்லாம் நெல்லு வேருக்குள்ளயும் இருக்கானா?"

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். செடிகளில் பி.சி.எல்-2 கிடையாது, காஸ்பேஸும் கிடையாது. செடியின் செல்லைச் சுற்றிச் சுவர் இருப்பதால் பக்கத்துச் செல் விழுங்கவும் வழியில்லை. எனவே செல்லின் நடுவில் இருக்கும் பெரிய நீர்ப்பையான வாக்குவோல் உடைந்து, அதிலுள்ள என்சைம்கள் செல்லை உள்ளிருந்தே கரைத்துவிடுகின்றன. இதை அப்போப்டோசிஸ் என்று சொன்னால் தாவரவியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயமான சண்டைதான். 'திட்டமிட்ட செல் இறப்பு' என்ற பொதுப்பெயரே செடிக்குப் பொருந்தும். குலைநோய்க்கு எதிர்ப்புச் சக்தி உள்ள ரகத்தில், பூஞ்சை நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் உடனே செத்து, குண்டூசித் தலையளவு பழுப்புப் புள்ளியோடு நோயை நிறுத்திவிடுவதும் இந்த வகைதான். எதிர்ப்பு இல்லாத ரகத்தில் அந்தப் புள்ளி கண் வடிவத்தில் விரிந்துகொண்டே போகும்.

வேரில் உத்தரவு கொடுப்பது எத்திலீன், பழம் பழுக்க வைக்கிற அதே வாயு. வயலில் தண்ணீர் நிற்கும்போது, வேர் விடும் எத்திலீன் வெளியே போக முடியாமல் வேரிலேயே தேங்குகிறது. காற்றில் பரவுவதைவிட நீரில் வாயு பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும் என்பதால் வேருக்குத் தான் மூழ்கியிருப்பதை அறிய இது ஒரு வழி. எத்திலீன் தேங்கியதும் செல்லில் தீவிரமாக வினைபுரியும் ஆக்ஸிஜன் வகைகள் கூடுகின்றன, செல் சாகிறது.

"எத்திலீன் வேரு முழுக்கத்தானே தேங்குது? அப்புறம் வட்டையில இருக்குறதும் குடத்துல இருக்குறதும் ஏன் சாவல?"

ஒரு பிஎச்.டி. மாணவர் கேட்க வேண்டிய கேள்வி. மக்காச்சோள வேரைக் குறுக்கே வெட்டி, லேசரால் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தத் தீவிர ஆக்ஸிஜனைத் துடைத்தெடுக்கும் மெட்டலோதயோனின் என்ற புரதம் ஒன்று உண்டு. நீர் தேங்கும்போது, வட்டைக்கும் குடத்துக்கும் நடுவே இருக்கும், சாகப்போகிற செல்களில் அதன் ஜீன் அடங்கிவிடுகிறது. நெல்லிலும் எத்திலீன் இதே வகை ஜீனை அடக்குவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆக, ஆட்கள் வேறு, பெயர்கள் வேறு, இங்கேயும் காவலுக்கு இருந்த ஒருவர் எழுந்து போகிறார்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய், வரப்போரம் தண்ணீர் ஏறாத மேட்டில் நின்ற ஒரு குத்தைப் பிடுங்கி வந்தார். அதன் வேரையும் சீவினோம். மேல்பகுதியில் சக்கரம் இருந்தது. நெல்லுக்கு அது பழக்கமாகவே கொஞ்சம் வரும். நுனிக்குப் பக்கத்தில் சீவியபோது ஆரக்கால் ஒன்றையும் காணோம், செல்கள் நெருக்கமாக அடைத்துக்கொண்டிருந்தன. "இவன் இன்னும் எழுந்திருக்கல" என்று சொல்லிவிட்டு, வயலில் நின்ற குத்தின் வேர் நுனியைச் சீவ பிளேடை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.